முட்டி ஊசியும் கீழறையும்

மூத்தவளுக்கு முட்டி வலி வந்துவிட்டது என்று தெரிந்த அன்று சின்னவள் இன்னொரு கரண்டி கூடுதலாகப் போட்டுச் சாப்பிட்டாள். கேட்பதற்கு நன்றாக இல்லைதான். ஆனால் அவளுடைய ஒன்பது வருஷத்தையும் கேட்டுவிட்டால் நீங்களே அவளுக்கு உட்காரவைத்துப் பரிமாறுவீர்கள்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் மூத்தவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். வீடும் ஒன்று, தொழிலும் ஒன்று. வீட்டின் முன்கூடத்திலேயே ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கும் கடை. அண்ணனும் தம்பியும் வீடு வீடாகப் போய் ஜன்னலுக்கு அளவெடுப்பார்கள், தைத்ததைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவார்கள். மூத்தவள் வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களிடம் பேசுவாள். துணி வெட்டுவது சின்னவள். வெட்டும் மேஜை ஆள் நின்று வெட்டுகிற உயரத்தில் இருந்தது. உட்கார்ந்து வெட்டினால் கத்தரி கோணிப்போய், மாட்டிய பிறகு திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் அவள் காலையிலிருந்து மாலைவரை நின்றாள். கீழே ஈரம் ஏறும் என்று துணிச் சுருள்களை மாடியில் வைத்திருந்தார்கள். அவற்றைத் தோளில் சாய்த்து இறக்குவதும், மிஞ்சியதைத் திரும்ப ஏற்றுவதும் அவள் வேலைதான்.

படுக்கையறை இரண்டு. கூடத்துக்குப் பின்னால் இருக்கிற கீழறை மூத்தவளுக்கு. மாடியில் துணிக் கிடங்கை ஒட்டிய, பால்கனி வைத்த அறை சின்னவளுக்கு. அதன் காற்றுக்கு மூத்தவள் வாயளவில் ஏங்குவாள், படி ஏற மட்டும் மாட்டாள். நடுவில் படிக்கட்டு. அதைக் கட்டியவனுக்கு ஏணிக்கும் படிக்கட்டுக்கும் வித்தியாசம் தெரியாது போலிருக்கிறது. செங்குத்தாக ஏறும். நடுவில் நின்று மூச்சு வாங்க ஓர் இடம் கிடையாது.

சின்னவளின் இரண்டு முட்டிகளும் அந்தப் படிக்கட்டுக்கும் வெட்டும் மேஜைக்கும் நடுவே போயின. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி உள்பக்கத்தில் அநேகமாக இல்லை என்று காட்டினார். மூட்டுத் தேய்மானம் என்றார். தேய்ந்தது திரும்ப வளராது, எடையைக் குறை, தொடைக்குப் பயிற்சி செய், படி ஏறுவதைக் குறை என்றார். அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சின்னவள் வீட்டில் வாயைத் திறந்தாள். கீழறையை எனக்குக் கொடுங்கள், பாதிப் படியாவது மிச்சமாகும் என்றாள். அந்த வீட்டுக்கு வந்து அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

மூத்தவள் சிரித்தாள். "படி ஏறினாத்தான் வலிக்குமா? கல்யாணத்துக்குக் கிளம்பறப்ப மட்டும் எப்படி முன்னாடி போய் வண்டியில உக்காந்துக்கற?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டாள். அன்றிலிருந்து சின்னவளுக்கு வீட்டில் சினிமாக்காரி என்று பெயர். முட்டியைப் பிடித்தாள் என்றால் சினிமாக்காரி ஆரம்பிச்சுட்டா என்பார்கள். கீழறைப் பேச்சு அத்தோடு முடிந்தது.

வலி பொறுக்க முடியாமல் போனபோது டாக்டர் முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார். போட்ட சில நாளில் அவளுக்குக் கால் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கினாள். இரண்டு மூன்று மாதம் போனது. பிறகு வலி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. அந்த ஊசியின் குணமே அப்படித்தான். உள்ளே இருக்கிற அழற்சியை அடக்கும், வலிக்கு லீவு கொடுக்கும், தேய்ந்த மூட்டைப் புதுசாக்கித் தராது. அடிக்கடி போட்டால் இருக்கிற குருத்தெலும்பும் கெடும் என்று டாக்டர் இடைவெளி விட்டுத்தான் போடுவார். ஒருமுறை மூட்டுக்கு வழுவழுப்புத் தரும் ஜெல் ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். அது சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது என்று சொல்லித்தான் போட்டார். இவளுக்குக் கேட்கவில்லை.

வலிக்குக் கிடைத்த இந்த லீவை வைத்துக்கொண்டு மூத்தவள் ஒரு சட்டமே போட்டுவிட்டாள். ஊசி போட்டால் சரியாகிவிடுகிறது, சரியானது எப்படித் திரும்ப வரும், வேலை கூடினால் வலி வருகிறது, அவ்வளவுதான் விஷயம் என்றாள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆண்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. நம்பிவிட்டால் யாரும் சுருள் தூக்க வேண்டாம், யாரும் அறை மாற வேண்டாம். சின்னவளின் கணவன் மட்டும் இந்தப் பேச்சில் வாயே திறக்கமாட்டான். ஒவ்வொரு ஊசிக்கும் அவன்தான் வண்டியில் வைத்துக் கூட்டிப்போனான், பக்கத்தில் நின்றான். அந்த ஒரு ஆள் நம்பினால் போதும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

இப்போது மூத்தவளின் வலது முட்டி. காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் அடி எடுத்து வைத்தாள். வீடே பதறியது. அவள் கணவர் வெந்நீர்ப் பை வாங்கிவந்தார், முதுகு சாயும் நாற்காலி வாங்கிவந்தார். அவளை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் சொன்னால் வலி, சின்னவள் சொன்னால் வசனம். டாக்டரிடம் கூட்டிப்போ, உனக்குத்தான் அந்த இடமெல்லாம் அத்துப்படி என்று அந்த அண்ணன்காரர், சின்னவளுக்கு மூத்தார், அவளிடமே சொன்னார். அவள் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பரிசோதனைக் கட்டிலில் மூத்தவளைப் படுக்கவைத்து, முட்டிக்குக் கீழே சின்னத் தலையணை ஒன்றைச் செருகினார்கள். நர்ஸ் பழுப்பு மருந்தைச் சுற்றிலும் தடவினாள். டாக்டர் விரலால் அழுத்தி முட்டிச் சில்லின் ஓரத்தில் இடம் பார்த்து, முதலில் உள்ளே தேங்கியிருந்த மஞ்சள் நீரைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார். பிறகு மருந்தை ஏற்றினார். ஏற்றிக்கொண்டே எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார். மரத்துப்போகச் செய்யும் மருந்தும் கலந்திருக்கிறது, அது தீர்ந்ததும் ஓரிரு நாள் கூடுதலாக வலிக்கலாம், பயப்பட வேண்டாம். இரண்டு நாள் ஓய்வு வேண்டும். இது தேய்ந்த முட்டி, படி ஏறுவதைக் குறைக்க வேண்டும். ஊசி நிரந்தரம் இல்லை, சில வாரம் தாங்கும், நன்றாகக் கேட்டால் சில மாதம் தாங்கும். வலி இல்லையே என்று முட்டியைப் போட்டு வதைக்கக் கூடாது. அடுத்த ஊசியை உடனே போடவும் முடியாது.

மூத்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஓரகத்தியின் கையை நகம் பதியப் பிடித்தபடி, முடிஞ்சுதா முடிஞ்சுதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை அவள் காதில் ஏறவில்லை. சின்னவளுக்கோ ஒரு வார்த்தை தப்பவில்லை. எத்தனை தடவை கேட்ட பாடம்.

வீட்டுக்குத் திரும்பும் வண்டியில் மூத்தவள் காலை நீட்டி மடக்கிப் பார்த்தாள். மரத்துப்போன முட்டி வலிக்குமா? முகமெல்லாம் மலர்ச்சி. டாக்டர் என்னவோ சொன்னாரே, என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"ரெண்டு நாள் ஓய்வா இருக்கச் சொன்னார்க்கா" என்றாள் சின்னவள்.

அது பொய் இல்லை. மிச்சத்தைத்தான் அவள் விழுங்கிவிட்டாள். விழுங்கியது இனிப்பாகவும் இருந்தது.

நான்காம் நாளிலிருந்து மூத்தவளைப் பிடிக்க முடியவில்லை. திரைக்குத் துணி பார்க்க வந்தவர்களுக்கு முட்டிக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. ஒரே ஊசி, போட்டேன், எழுந்தேன் என்பாள். நிஜமான வியாதி என்றால் நிஜமாகக் குணமாகும், குணமாகாத வியாதியெல்லாம் மனசில் இருக்கிற வியாதி என்று சொல்லிவிட்டு வெட்டும் மேஜைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். வேடிக்கை காட்டுவதற்காகவே மாடிக்கு ஏறிப் போய் ஒரு சுருளைத் தானே இறக்கிக்கொண்டு வந்து மேஜையில் தொப்பென்று போட்டாள். சின்னவள் குனிந்த தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருந்தாள். கோபத்தை அடக்குகிறாள் என்று மூத்தவள் நினைத்தாள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது சின்னவள் பேச்சை எடுத்தாள். அக்கா மாடியறையின் காற்றையும் பால்கனியையும் பற்றி எத்தனை தடவை ஏங்கிச் சொல்லியிருக்கிறார்கள், கீழறையில் கொசுக்கடியில் கிடக்கிறார்களே, பார்க்கவே பாவமாக இருக்கிறது என்றாள். முன்பு முட்டி வலி, அதனால் முடியவில்லை. இப்போது என்ன தடை? "என்னைவிட அக்கா இப்ப நல்லாவே படி ஏறுறாங்க, மாமா. நீங்களே பாத்தீங்கல்ல" என்று மூத்தாரிடம் சொன்னாள்.

மூத்தார் யோசித்தார். அவருக்கும் பால்கனி ஆசை உண்டு. அதுவும் சரிதானே, உனக்கு என்ன என்று மனைவியைக் கேட்டார்.

மூத்தவள் மாட்டிக்கொண்டாள். முடியாது என்றால், ஏன் என்று கேட்பார்கள். முட்டி என்றால், அதுதான் குணமாகிவிட்டதே என்பார்கள். இத்தனை நாள் ஊருக்கெல்லாம் அளந்ததை ஒரே இரவில் வாபஸ் வாங்க முடியுமா? "எனக்கென்ன, நாலு மாடியானாலும் ஏறுவேன்" என்றாள். கட்டில்கள் இடம் மாறின.

கீழறையில் விழித்த முதல் காலை, சின்னவள் கட்டிலை விட்டு இறங்கி, அறையைக் கடந்து, கூடத்தைக் கடந்து, சமதரையிலேயே நடந்து சமையலறைக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைக்காமல் அங்கேயே நின்று அழுதாள். இவ்வளவு சின்ன விஷயத்தை இவ்வளவு வருஷம் கொடுக்காமல் வைத்திருந்தாளே என்று அழுகையோடு ஆத்திரமும் வந்தது. பழி தீர்க்கிறோமே என்று இருந்த கொஞ்சநஞ்சக் கூச்சமும் அன்றோடு போயிற்று.

பிறகு காத்திருந்தாள். வேலை வேலையாக இருந்தாலும் காது மட்டும் படிக்கட்டில் இருந்தது. முதல் சில வாரம் மூத்தவள் தடதடவென்று இறங்கினாள். பிறகு ஒரு நாள் அவள் உள்ளங்கை கைப்பிடியில் தேய்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்குகிற சத்தம். பிறகு நடுவில் நிற்கிற மௌனம். சின்னவளின் நெஞ்சு குளிர்ந்தது. டீயை மேலே கொண்டுவா என்று குரல் வந்தால், இறங்கி வாங்கக்கா, நடந்தால்தான் முட்டிக்கு நல்லது என்று தேனாகப் பதில் சொன்னாள். நடப்பது நல்லது என்பது மருத்துவப்படி சரியான பேச்சுதான், படியைப் பற்றி டாக்டர் சொன்னதைத்தான் அவள் சொல்லவில்லை.

ஆண்கள் இருவரும் அளவெடுக்கப் போயிருந்த ஒரு முற்பகலில் மூத்தவள் படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கி வந்தாள், குழந்தைகள் இறங்குகிற மாதிரி. வெட்டும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"டாக்டர் அன்னைக்கு வேற என்னதான் சொன்னார்?"

"சில வாரம் தாங்கும், மிஞ்சினா சில மாசம்னார்."

"அதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஒன்பது வருஷமா அதைத்தானேக்கா சொல்லிட்டிருக்கேன்."

மூத்தவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கணவரிடம் சொல்லிப் பார்த்ததாகவும் அவர் சிரிப்பதாகவும் சொன்னாள். டாக்டரைக் கேளுங்கள் என்றால், அடுத்த ஊசியை விற்க அவர் அப்படித்தான் சொல்வார் என்கிறாராம். கீழறைக்குத் திரும்ப வந்தால்தான் பிழைப்பேன், இதில் அனுபவப்பட்டவள் நீதான், நீ ஒரு வார்த்தை சொன்னால் நம்புவார்கள் என்று கெஞ்சினாள். கெஞ்சினாள் என்பது சரியான வார்த்தைதான், கண்ணில் தண்ணீர் இருந்தது.

"சொல்றேன்க்கா. இன்னைக்கே சொல்றேன்" என்றாள் சின்னவள்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று மூத்தவள் எதிர்பார்க்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் தன் வார்த்தைக்கு என்ன மரியாதை என்று சின்னவளுக்குத் தெரியும். அந்த மரியாதையைக் கெடுத்தது யார் என்றும் தெரியும். மூத்தவள்தான் மறந்துபோயிருந்தாள்.

மாலையில் ஆண்கள் திரும்பிவந்து டீ குடிக்க உட்கார்ந்தார்கள். இன்னும் ஒரு வீட்டில் திரை மாட்டும் வேலை பாக்கி இருந்தது. சின்னவள் அவர்கள் எதிரில் நின்று, டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். அக்காவின் முட்டி தேய்ந்த முட்டி, ஊசியின் வேகம் தீர்ந்துவிட்டது, வந்திருப்பது உண்மையான வலி, படி ஏறுவதைக் குறைக்க வேண்டும் என்றாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக உண்மை பேசியதில்லை.

மூத்தார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ரெண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டீர்களா என்று கேட்டார். நிஜமாகத்தான் வலிக்கிறது என்றாள் மூத்தவள். அவர் சிரித்தார். "இவ்வளவு நாள் இவளைப் பத்தி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். இப்ப இவளையே சாட்சிக்குக் கூட்டிட்டு வர்றியே" என்றார்.

மூத்தவள் மெல்லத் திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்ட பார்வை. ஏன் உடனே ஒத்துக்கொண்டாள் என்பதும் புரிந்துவிட்டது. அந்த ஒரு பார்வைக்காகத்தான் சின்னவள் காத்திருந்தாள். கிடைத்துவிட்டது. ஆசைதீரப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது அவள் கணவனும் சிரித்தான். "அண்ணி, வேற நல்ல சாட்சியாப் பாருங்க" என்றான்.

சின்னவள் அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க கூட வந்தீங்களே. ஊசி போடறப்ப பக்கத்துல நின்னீங்களே."

"வந்தேன். வரலைன்னா நீ விடுவியா?" என்று சொல்லிவிட்டு அவன் டீயை ஊதிக் குடித்தான். அவன் குரலில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தவன் நம்புகிறவன் என்று அவளாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆள் மாறிப் பகைத்துவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றவில்லை. மூத்தவள் அதற்குத் தகுதியானவள்தான். ஆளைக் குறைத்துப் பகைத்துவிட்டோம், இவனையும் சேர்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆண்கள் திரைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் சின்னவள் கணவனின் தலையணை, போர்வை, சவரச் சாமான் எல்லாவற்றையும் வாரி எடுத்துக்கொண்டு படி ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் முட்டி கத்தியது. அவள் பொருட்படுத்தவில்லை. மாடியறையில் அவற்றைப் போட்டுவிட்டு, மூத்தவளின் தலையணையையும் துணிமணிகளையும் மேலிருந்து கீழே உருட்டிவிட்டாள். இறங்கி வந்து வெட்டும் கத்தரியை எடுத்துப்போய்க் கீழறை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

ஆண்கள் திரும்பியதும் மாடிப்படி எதிரிலேயே அவர்களை நிறுத்தினாள்.

"இனிமே நாங்க ரெண்டு பேரும் கீழ, நீங்க ரெண்டு பேரும் மேல. காலையில இறங்கறப்ப துணிச் சுருளையும் தூக்கிட்டு வந்துடுங்க."

என்ன கூத்து இது என்று மூத்தார் மனைவியைப் பார்த்தார்.

"வலி இல்லைன்னே வெச்சுக்குங்க, மாமா. இல்லாட்டியும் இதுதான். முடியாதுன்னா நாளையிலேருந்து நீங்களே துணியை வெட்டிக்குங்க" என்றாள் சின்னவள்.

வெட்டத் தெரிந்தவர்கள் அங்கே வேறு யாரும் இல்லை. கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவ சொன்னபடி செய்யுங்க என்று மூத்தவள் கீழறைக் கட்டிலில் இருந்தபடியே மெதுவாகச் சொன்னாள். அண்ணனும் தம்பியும் ஒருவர் பின் ஒருவராகப் படி ஏறினார்கள்.

மூத்தவள் தன் பழைய அறையில் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டாள். நீ நல்லவள், நான்தான் உன்னைப் புரிந்துகொள்ளாமல் போனேன் என்று ஆரம்பித்தாள்.

"நல்லவன்னு உங்களுக்கு யாருக்கா சொன்னா?" என்றாள் சின்னவள். "ஒன்பது வருஷத்தையும் முதல்லேருந்து பேசணும். இருங்க, கதவைச் சாத்திட்டு வரேன்."

மூத்தவள் கதவைப் பார்த்தாள். பிறகு தன் முட்டியைப் பார்த்தாள். எழுந்து போய்விட அவளால் முடியாது. சின்னவள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.